உப்புக்கு அடியில பாக்குறது எப்படி

மெக்சிகோ வளைகுடாவுக்கு அடியில லூவான் சால்ட்னு ஒரு உப்பு இருக்கு. ஜுராசிக் காலத்துது, சுமார் 16, 17 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் வந்து வந்து காஞ்சப்போ தங்கிப்போனது. உப்புன்னா சமையலுக்குப் போடுற அதே உப்புதாங்க, பெரும்பாலும் சோடியம் குளோரைடு. அதுக்கு மேல மிசிசிப்பி மாதிரி ஆறுங்க கொண்டுவந்து கொட்டுன மண்ணும் மணலும் கிலோமீட்டர் கணக்குல ஏறி உக்காந்துச்சு. உப்ப எவ்ளோ அமுக்கினாலும் அடர்த்தி பெருசா மாறாது, தண்ணியோட அடர்த்தியப் போல 2.2 மடங்குக்குப் பக்கத்துலயே நிக்கும், ஆனா மண்ணு ஆழம் போகப்போக இறுகி அதைவிட கனமாயிடும், அப்புறம் உப்பு சும்மா இருக்குமா, கோடி வருஷக் கணக்குல பாத்தா அது கல்லே இல்ல, மெதுவா ஓடுற திரவம்தான், இடுக்கு கிடைச்ச பக்கமெல்லாம் பிதுங்கி மேல ஏறுது. ஏறினது பக்கவாட்டுல பரவி, பக்கத்துல இன்னொரு இடத்துல ஏறிப் பரவுன உப்போட போய் ஒட்டிக்குது. லூசியானாவுக்குத் தெக்க ஆழ்கடல்ல சிக்ஸ்பி எஸ்கார்ப்மென்ட்னு கடலடியில பெரிய சரிவு ஒண்ணு இருக்கு, அது இப்படி ஊர்ந்து வந்த உப்போட முன் விளிம்புதான்.

எண்ணெய் நிறைய இடத்துல அந்த உப்புக்குக் கீழ இருக்கு. அதனாலதான் எனக்கெல்லாம் சம்பளம் வருது. நான் ஹூஸ்டன்ல சைஸ்மிக் ப்ராசசிங்ல இருக்கேன், கடல்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வர்ற டேட்டாவ வாங்கி நிலத்தடிப் படமா மாத்திக் குடுக்குற வேலை. இந்த ஃபீல்டுக்குள்ளயே இருக்குற பசங்க ஒரு விஷயத்த திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க, உப்புக்குக் கீழ இப்ப தெளிவா தெரியுதுன்னா அதுக்கு கம்ப்யூட்டர் வேகம்தான் காரணம்னு. கம்ப்யூட்டர் இல்லாம ஒண்ணும் நடந்திருக்காது, சரி. ஆனா படம் எடுக்குற கணக்கு 1983, 84-லயே ரெடியா இருந்துச்சு. மெஷினும் லேட்டானாலும் வந்து சேர்ந்துச்சு. அப்பவும் படம் சுமாராத்தான் இருந்துச்சு. பூமிகிட்ட கேக்குற விதத்த மாத்தினதுக்கு அப்புறம்தான் பதில் மாறுச்சு, இதுதான் என் கட்சி. நீளமாத்தான் போகும், டீ போட்டு வச்சுக்கோங்க.

முதல்ல அடிப்படை. கப்பல் பின்னாடி ஏர்கன், அழுத்தி வச்ச காத்த டப்புன்னு தண்ணிக்குள்ள விடும். அந்தச் சத்தம் கீழ போய், பாறை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் எதிரொலிச்சு மேல வரும். கப்பல் பின்னாடி 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்ட்ரீமர்னு கேபிள், அதுவும் ஒண்ணு இல்ல, பக்கத்துல பக்கத்துல பத்து பன்னெண்டு, அதுக்குள்ள வரிசையா ஹைட்ரோபோன், தண்ணிக்குள்ள கேக்குற மைக். ஏர்கன் ஒரு தடவை வெடிக்கிறது ஒரு ஷாட், ஒவ்வொரு ஷாட்டுக்கும் பத்து பதினைஞ்சு செகண்ட் ரெக்கார்ட் பண்ணுவாங்க. இதுல கிடைக்கிறது நேரம் மட்டும்தான். எதிரொலி எத்தனை செகண்டுல வந்துச்சுன்னு தெரியும், எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. ஆழம் வேணும்னா வேகம் தெரியணும். வேகம் தெரியணும்னா எந்தப் பாறை எங்க இருக்குன்னு தெரியணும். அது தெரிஞ்சிட்டா அப்புறம் எங்க தயவு எதுக்கு?

பூமி அடுக்கு அடுக்கா படுத்துக்கிடந்தா இந்தச் சிக்கல்ல இருந்து தப்பிச்சிடலாம். ஒரே நடுப்புள்ளிக்கு மேல, கிட்ட இருந்தும் தூர இருந்தும் எடுத்த பதிவுகள எல்லாம் நேரம் சரிபண்ணி ஒண்ணாக் கூட்டிட்டா நாய்ஸ் செத்துப்போகும், எதிரொலி நிக்கும். ஹாரி மேய்ன் இதுக்கு 1956-ல பேட்டன்ட் வாங்கினாரு, அந்த ஒத்த ஐடியாவ வச்சே இந்தத் தொழில் முப்பது நாப்பது வருஷம் ஓடுச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு, சத்தம் நேரா கீழ போய் நேரா மேல வருது, நடுப்புள்ளிக்குக் கீழதான் எதிரொலிக்குதுன்னு.

உப்பு வந்தா அந்த நம்பிக்கை காலி. சத்தம் உப்புக்குள்ள ஒரு செகண்டுக்குச் சுமார் 4,500 மீட்டர் போகும். பக்கத்துல இருக்குற மண்ணுல ஆழத்தப் பொறுத்து 2,500, 3,000 அவ்ளோதான். 2 கிலோமீட்டர் தடிமனான உப்பு இருந்தா போக வர 0.9 செகண்ட் ஆகும், அதே 2 கிலோமீட்டர் 2,500 வேகத்து மண்ணா இருந்தா 1.6 செகண்ட். முக்கா செகண்டுக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். அதனால நேரத்துல வரைஞ்ச படத்துல உப்புக்குக் கீழ இருக்குற சமதளம் மேல தூக்கிட்டு நிக்கும், குவிஞ்ச மடிப்பு மாதிரியே தெரியும், எண்ணெய்க்காரன் கண்ணுக்கு மடிப்புன்னா பொக்கிஷம். அதத் தோண்டினா ஒண்ணும் இருக்காது.

நேரம் மட்டும் மாறினா பரவால்ல. சத்தம் வளையுது. உப்போட அடிப்பக்கம் 20 டிகிரி சாஞ்சிருக்குன்னு வைங்க, கீழ 3,000 வேகத்து மண்ணுல இருந்து நேரா மேல வர்ற அலை அந்தச் சாய்வுல பட்டு உப்புக்குள்ள நுழையும்போது கிட்டத்தட்ட 11 டிகிரி திரும்பிடும், 2 கிலோமீட்டர் உப்ப கடந்து வெளிய வரும்போது ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி வந்து நிக்கும். இது ஒரு எல்லையில ஆகுறது, மேல இன்னொரு எல்லை வேற இருக்கு, அது இன்னும் கரடுமுரடு. மேல இருந்து இறங்குற அலைக்கு வேற பிரச்சினை, 2,500-ல இருந்து 4,500-க்குப் போகணும்னா 34 டிகிரிக்கு மேல சாஞ்சு வந்தா உள்ள விடவே விடாது, முழுசா திருப்பி அனுப்பிடும். உப்போட பக்கச்சுவர் செங்குத்தா இருக்குற இடங்கள்ல இதுதான் நடக்குது. அப்ப அதுக்குக் கீழ வெளிச்சமே, அதாவது சத்தமே, விழாத இடங்கள் உண்டாகுது. கெட்டிக் கண்ணாடி டம்ளரோட அடிப்பக்கத்த பேப்பர் மேல வச்சு எழுத்து படிக்கிற கதைதான், சில எழுத்து ரெண்டா தெரியும், சில எழுத்து காணாமலே போகும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தொழில் ஆரம்பிச்ச காலத்துல உப்பு வில்லன் இல்ல, ஹீரோ. 1901 ஜனவரியில டெக்சாஸ்ல பீச்சியடிச்ச ஸ்பிண்டில்டாப் கிணறு ஒரு உப்பு டோமுக்கு, கீழ இருந்து எழும்பின உப்பு மேட்டுக்கு, மேல இருந்ததுதான். அதுக்கப்புறம் எல்லாரும் உப்பத் தேடி அலைஞ்சாங்க. ஜெர்மன்காரர் லுட்கர் மின்ட்ராப்போட ஆளுங்க வந்து, தூரத்துல வெடி வச்சு, சத்தம் எந்தத் திசையில சீக்கிரமா வந்து சேருதோ அந்தப் பக்கம் உப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, 1924-ல டெக்சாஸ்ல ஆர்ச்சர்ட் டோம் அப்படி மாட்டுனதுதான். இன்னைக்கு எங்க உயிர வாங்குற அந்த 4,500 வேகம்தான் அன்னைக்கு அவங்களுக்குத் துப்பு குடுத்துச்சு. அதே சமயத்துல ஜே.சி. கார்ச்சர் 1921-ல ஓக்லஹோமாவுல எதிரொலி முறைய சோதிச்சுப் பாத்துட்டாரு. அவர் 1930-ல ஆரம்பிச்ச ஜியோஃபிசிக்கல் சர்வீஸ் கம்பெனிதான் பின்னாடி டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஆச்சு, காலேஜ்ல நாம வச்சிருந்த கால்குலேட்டர் கம்பெனியேதான். எண்ணெய் தேடப் போனவங்க சிப் செஞ்ச கதைய யாராவது தனியா எழுதணும்.

ரொம்ப காலத்துக்கு உப்போட மேல்பக்கம் வந்துட்டா படம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குக் கீழ கன்னாபின்னான்னு இருக்கும், யாரும் கவலப்பட மாட்டாங்க, உப்பு அடியில இருந்து தூணா வருது, கீழ என்ன பெருசா இருந்துடப் போகுதுன்னு ஒரு எண்ணம். உப்பு தாளா பரவியும் இருக்கும், அடியில நல்ல மணல் மாட்டிட்டு இருக்கும்னு புரிய நாளாச்சு. 1993-ல ஃபிலிப்ஸ், அனடார்கோ, அமோகோ மூணும் சேர்ந்து ஷிப் ஷோல் ஏரியாவுல மகோகனின்னு ஒரு கிணறு போட்டாங்க, உப்ப துளைச்சு அடியில வர்த்தக அளவுக்கு எண்ணெய் பாத்தாங்க. அதுக்கப்புறம் மொத்த வளைகுடாவும் உப்புக்குக் கீழ எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது.

எட்டிப் பாக்க டெப்த் மைக்ரேஷன் வேணும். அலை வளையிற எல்லா வளைவையும் கணக்குல எடுத்து, எதிரொலி கிளம்பின இடத்துலயே கொண்டுபோய் வைக்கிற வேலை. தொண்ணூறுகள்ல கிர்காஃப் முறை. நல்லா ஓடும், சல்லிசு, ஆனா கீழ இருக்குற ஒரு புள்ளியில இருந்து மேல இருக்குற ஒரு புள்ளிக்கு ஒரே பாதைதான்னு அது பெரும்பாலும் எடுத்துக்கும். உப்பு நடுவுல நின்னா மூணு நாலு பாதை இருக்கும், அதுல எத எடுக்கிறது? இதுக்கு விடை ரிவர்ஸ் டைம் மைக்ரேஷன், நாங்க ஆர்டிஎம்னு சொல்லுவோம். ஏர்கன் விட்ட அலைய கம்ப்யூட்டருக்குள்ள முன்னோக்கி ஓட விடணும், ஹைட்ரோபோன்ல பதிவானத நேரத்துல பின்னோக்கி ஓட விடணும், ரெண்டும் எந்த இடத்துல ஒரே நேரத்துல சந்திக்குதோ அங்க ஒரு எதிரொலிப் பரப்பு இருக்குன்னு அர்த்தம். பாதைய யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்ல, அலைச் சமன்பாடே எல்லாப் பாதையிலயும் போகும். இந்த ஐடியா 1983-லயே பல பேர் தனித்தனியா வெளியிட்டுட்டாங்க. ஆனா முப்பரிமாணத்துல ஃப்ரீக்வன்சிய ரெண்டு மடங்காக்கினா கணக்கு 16 மடங்காகும், அதனால இது ப்ரொடக்ஷன்ல தினசரி ஓடுறதுக்கு 2000-க்கு அப்புறம் நிறைய வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டர் கட்சிக்காரங்களுக்கு இந்தப் பாயின்ட்ட நான் தாராளமா குடுத்துடுறேன்.

ஆனா ஆர்டிஎம்முக்கும் வேக மாடல் வேணும், நிலத்தடியில எந்த இடத்துல சத்தம் எவ்ளோ வேகமா போகும்னு சொல்ற வரைபடம். உப்பு எங்க இருக்குன்னு அதுக்கு யாராவது சொல்லணும். இந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் கிட்டப் போய் காட்டுறேன். முதல்ல உப்பே இல்லன்னு வச்சுக்கிட்டு, எல்லா இடத்துலயும் மண் வேகத்த ரொப்பி மைக்ரேட் பண்ணுவோம், இதுக்கு செடிமென்ட் ஃப்ளட்னு பேரு. அந்தப் படத்துல உப்போட மேல்பக்கம், டாப் சால்ட், பளிச்சுன்னு தெரியும், ஒரு ஆளு மவுஸ வச்சு லைன் லைனா அத வரைவாரு. அடுத்து அந்தக் கோட்டுக்குக் கீழ அடி வரைக்கும் மொத்தமும் உப்புன்னு 4,500-ஐ ரொப்பி மறுபடி மைக்ரேட், சால்ட் ஃப்ளட். இப்ப உப்போட அடிப்பக்கம், பேஸ் சால்ட் தெரியும். தெரியணும். பல இடத்துல ஒண்ணுக்கு ரெண்டு மங்கலான கோடு தெரியும், ஒண்ணு 5,200 மீட்டர் ஆழத்துல, இன்னொண்ணு 5,300-ல, நடுவுல ஒரு இடத்துல ரெண்டும் செத்துப்போய் வெறும் சாம்பல் நிறம். எத பேஸ்னு எடுக்கிறது? ரெண்டு உப்புத் தாள் ஒட்டின இடமா இருந்தா நடுவுல மண்ணும் சிக்கியிருக்கும், டாப் சால்ட் தொங்கி மடிஞ்சு ஓவர்ஹேங் போட்டிருந்தா இந்த மொத்த வேலையும் ரெண்டாவது தடவை. இன்டர்ப்ரெட்டர், அதான் கோடு வரையிற அந்த ஆளு, யோசிச்சு ஒண்ண எடுப்பாரு, மாடல் மாறும், மறுபடி மைக்ரேஷன்.

அந்த 100 மீட்டர் என்ன பண்ணும்னு பாருங்க. 100 மீட்டர் மண்ண உப்புன்னு தப்பா எடுத்துட்டா போக வர சுமார் 22 மில்லிசெகண்ட் பிசகும். உப்புக்குக் கீழ எங்களுக்குக் கிடைக்கிற சிக்னல் 20 ஹெர்ட்ஸுக்கு அங்க இங்க, அதோட ஒரு சுத்து 50 மில்லிசெகண்ட். அப்ப 22 மில்லிசெகண்ட்னா கிட்டத்தட்ட அரைச் சுத்து. ஒரே புள்ளிக்கு வர்ற அலைகள்ல பாதி அந்தத் தப்பான துண்டு வழியா வந்து, பாதி வேற வழியா வந்தா, மேடும் பள்ளமுமா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து அடிச்சிக்கிட்டு அழிஞ்சு போகும். கீழ நல்ல மணல் அடுக்கு இருந்தும் படத்துல வெத்தா இருக்கும். அப்ப என்ன ஆகும், கீழ படம் நல்லா வரலையே, பேஸ 100 மீட்டர் ஏத்திப் பாப்போம்னு தோணும், ஏத்தினா படம் நல்லா வரும். சரியானதால நல்லா வந்துச்சா, இல்ல நாம எதிர்பாத்த மாதிரி வந்ததால நல்லா இருக்குன்னு தோணுதா? மீட்டிங்ல இந்தக் கேள்விய கேட்டா யாருக்கும் பிடிக்காது. ஏன்னா ஆழ்கடல்ல ஒரு கிணறு 100 மில்லியன் டாலர சர்வசாதாரணமா தாண்டும், அந்தக் கிணறு எங்க விழணும்கிறது ஒருத்தர் மவுஸ் எந்தக் கோட்டுல போச்சுங்கிறத நம்பி இருந்துச்சுன்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்ப மாட்டாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். கணக்கு எவ்ளோ நல்லதா இருந்தாலும், கப்பல் ஒரே திசையில போகுது, ஸ்ட்ரீமர் அதே திசையில பின்னாடி வருது. நீளம் 8 கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதாவது பூமிய ஒரே பக்கத்துல இருந்து பாத்துட்டு இருக்கோம். உப்பு அந்தப் பக்கம் வெளிச்சத்த மறைச்சா, எந்த அல்காரிதமாலயும் ரெக்கார்ட் ஆகாத சிக்னல கொண்டுவர முடியாது. இது தெரிஞ்சும் பல வருஷம் ப்ராசசிங்லயே எல்லாத்தையும் சரிபண்ணிடலாம்னு ஓட்டினாங்க, காரணம் சிம்பிள், ப்ராசசிங் சல்லிசு, கப்பல் வாடகை காஸ்ட்லி.

பிபி கம்பெனிக்கு க்ரீன் கேன்யன் ஏரியாவுல மேட் டாக்னு ஒரு ஃபீல்டு, 1998-ல கண்டுபிடிச்சது. ஃபீல்டோட பெரும்பகுதி உப்புக்கு அடியில, படம் கண்றாவியா இருந்துச்சு. அவங்க ஆளுங்க, முக்கியமா கார்ல் ரெகோன், ஒரு நல்ல காரியம் பண்ணினாரு. கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உப்பு மாடல் கட்டி, அதுல முப்பரிமாண அலைய ஓட விட்டு, ஷாட் எங்க இருந்தா, ரிசீவர் எங்க இருந்தா கீழ எவ்ளோ தெரியுதுன்னு பாத்தாரு. ஸ்ட்ரீமருக்கு நேரா மட்டும் இல்லாம பக்கவாட்டுல கிலோமீட்டர் கணக்குல தள்ளி ஷாட் அடிச்சா படம் வேற லெவல்ல மாறுதுன்னு தெரிஞ்சுது. 2004-05-ல நிஜமாவே அப்படி ஒரு சர்வே எடுத்தாங்க, ஸ்ட்ரீமர் இழுக்க ஒரு கப்பல், ஷாட் அடிக்க ரெண்டு கப்பல், அதே லைன திரும்பத் திரும்ப ஓட்டி ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டுத் தூரத்த கூட்டிக்கிட்டே போனாங்க. வைட் அசிமத்னு இதுக்குப் பேரு. மாடல் சொன்ன மாதிரியே படம் வந்துச்சு. பல திசையில இருந்து வர்ற சிக்னல கூட்டும்போது, உப்புக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவுல முட்டி முட்டித் திரும்புற வெட்டி எதிரொலிங்க ஒவ்வொரு திசையிலயும் வேற வேற இடத்துல விழுந்து தானா அழிஞ்சது இன்னொரு லாபம். அஞ்சாறு வருஷத்துக்குள்ள வளைகுடாவுல பெரும்பகுதிய எல்லா கம்பெனியும் போட்டிபோட்டு இந்த முறையில மறுபடி எடுத்துட்டாங்க.

பக்கத்துலயே அட்லான்டிஸ்னு இன்னொரு ஃபீல்டு. சிக்ஸ்பி எஸ்கார்ப்மென்ட் அதுக்குக் குறுக்க ஓடுது, தண்ணி ஆழம் சில இடத்துல 2 கிலோமீட்டரத் தாண்டும். அங்க 2005-06-ல ஸ்ட்ரீமரே வேணாம்னு முடிவு பண்ணி, நோட்னு சொல்ற தனித்தனி ரெக்கார்டர் பெட்டிங்கள, பேட்டரி, கடிகாரம், சென்சார் எல்லாம் உள்ள வச்சு, ஆர்ஓவின்னு ரிமோட் ரோபோவ இறக்கி கடல் தரையில ஒவ்வொண்ணா வச்சாங்க. நூத்துக்கணக்குல. தரையில உக்காந்திருக்குற பெட்டிக்கு மேல கப்பல் எந்தப் பக்கம் வேணாலும் எவ்ளோ தூரம் வேணாலும் போய் ஷாட் அடிக்கலாம், திசைக்கும் தூரத்துக்கும் தடையே இல்ல. அலையோட ஆட்டமும் இழுவைச் சத்தமும் இல்லாததால தாழ்ந்த ஃப்ரீக்வன்சி சுத்தமா பதிவாச்சு. அப்ப அத யாரும் பெருசா கண்டுக்கல.

இப்ப 1984-க்குப் போவோம். பாரிஸ்ல இருந்த ஆல்பர்ட் டாரன்டோலா, எதிரொலியோட நேரத்த மட்டும் பாக்காம மொத்த அலைவடிவத்தையும் ஒப்பிட்டு மாடல திருத்தலாம்னு ஒரு கட்டுரை எழுதினாரு. முந்தின வருஷம் பேட்ரிக் லாய்லியும் அதே திசையில எழுதியிருந்தாரு. ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன், எஃப்டபிள்யூஐ. ஒரு மாடல எடு, அதுல அலைய ஓட விடு, கடல்ல பதிவானதோட ஒப்பிடு, வித்தியாசத்த வச்சு மாடல கொஞ்சம் மாத்து, மறுபடி. கேக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா ஒரு பொறி உண்டு, நம்ம கணிப்பும் நிஜமும் அரைச் சுத்துக்கு மேல விலகி இருந்தா அது நம்ம அலையோட மேட்ட நிஜ அலையோட தப்பான மேட்டோட பொருத்திட்டு, வேலை முடிஞ்சுதுன்னு சந்தோஷமா நின்னுடும். சைக்கிள் ஸ்கிப்பிங். 20 ஹெர்ட்ஸ்ல அரைச் சுத்து 25 மில்லிசெகண்ட், உப்பு மாடல்ல அவ்ளோ துல்லியமா எவனும் ஆரம்பிக்க முடியாது. 2 ஹெர்ட்ஸ்ல 250 மில்லிசெகண்ட், அது நடக்குற காரியம். ஆனா ஏர்கன்ல 3 ஹெர்ட்ஸுக்குக் கீழ சத்தம் ரொம்பக் கம்மி, கடல் இரைச்சல் நிறைய. அதோட ஆழத்துல இருக்குற வேகம் தெரியணும்னா, எதிரொலி மட்டும் போதாது, கீழ போய் வளைஞ்சு தூரத்துல மேல வர்ற அலை வேணும், அது வெளிய வர்ற இடம் 8 கிலோமீட்டர் கேபிளுக்கு ரொம்பத் தள்ளி. அதனால முப்பது வருஷம் இந்த முறை ஆழம் கம்மியான இடங்கள்ல, உப்பு இல்லாத இடங்கள்ல வித்தை காட்டிட்டு இருந்துச்சு, உப்புகிட்ட வந்தா கவுந்துரும், இதெல்லாம் பொம்மை விளையாட்டுன்னு பல சீனியர்ங்க ஒதுக்கியே வச்சுட்டாங்க.

2017-ல பிபி ஆளுங்க அட்லான்டிஸ் நோட் டேட்டாவ எடுத்து எஃப்டபிள்யூஐ ஓட்டுனப்போ கதை மாறுச்சு. மனுஷன் கையால வரைஞ்ச உப்ப அதுவா திருத்துச்சு. வருஷக்கணக்கா சாம்பலா இருந்த இடத்துல அடுக்குகள் தெரிஞ்சுது. அந்த வருஷம் ஏப்ரல்ல கம்பெனியே அறிக்கை விட்டாங்க, அட்லான்டிஸ்ல கூடுதலா 200 மில்லியன் பேரலுக்கு மேல கண்டுபிடிச்சிருக்கோம்னு, ஒரு வருஷம் ஆகுற கணக்கு சில வாரத்துல முடிஞ்சுதுன்னும் சேர்த்துச் சொன்னாங்க. பத்திரிகைங்க பிடிச்சுக்கிட்டது அந்த ரெண்டாவது பாதிய, சூப்பர் கம்ப்யூட்டர், சூப்பர் கம்ப்யூட்டர்னு. 2019 ஜனவரியில மறுபடி ஒரு அறிக்கை, அட்லான்டிஸ்ல இன்னும் 400 மில்லியன், தண்டர் ஹார்ஸ் ஃபீல்டுல 100 கோடி பேரல்னு. படிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும், இது நிலத்துக்குள்ள இருக்குற எண்ணெய், எடுக்க முடியுற எண்ணெய் இல்ல, அது இதுல ஒரு பங்குதான். ஆனாலும் சின்ன விஷயம் இல்ல. அங்க நடந்தத நான் எப்படிப் படிக்கிறேன்னா, பல திசை, நீண்ட தூரம், தாழ்ந்த ஃப்ரீக்வன்சி இது மூணும் தற்செயலா ஒரே டேட்டாவுல இருந்துச்சு, வேற காரணத்துக்காக எடுத்தது. அதே கம்ப்யூட்டர்ல பழைய ஸ்ட்ரீமர் டேட்டாவ ஓட்டியிருந்தா இது வந்திருக்காது. அதுக்கப்புறம் எல்லாரும் எங்க பணத்தப் போட்டாங்கன்னு பாத்தாலே தெரியும், 2019 வாக்குல இருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நோட்னு பரத்தி வச்சு, ஷாட்டுக்கும் நோடுக்கும் நடுவுல 40 கிலோமீட்டருக்கும் மேல தூரம் வர்ற மாதிரி சர்வேங்க வந்துச்சு. படத்துக்கு இல்ல, வேக மாடலுக்குன்னே எடுக்கிற சர்வே. பிபி வுல்ஃப்ஸ்பார்னு தாழ்ந்த ஃப்ரீக்வன்சிக்குன்னே ஒரு சோர்ஸ் செஞ்சு பாத்தாங்க, காத்து வெடி இல்ல அது, தண்ணிய மெதுவா, பெருசா அசைக்கிற மெஷின்.

ஒரு சின்ன கிளைக்கதை. 2018-ல கேகிள்னு டேட்டா போட்டி நடத்துற தளத்துல, டிஜிஎஸ்னு ஒரு சைஸ்மிக் கம்பெனி போட்டி வச்சாங்க, சைஸ்மிக் படத்துல உப்பு எதுன்னு மெஷின் லேர்னிங் வச்சு கண்டுபிடிக்கணும். 101-க்கு 101 பிக்சல் குட்டிக் குட்டிப் படம். 3,000-க்கு மேல அணிங்க கலந்துகிட்டாங்க, ஊர்ல இருந்து எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தனும் போட்டான், "அண்ணே, உங்க வேலைக்கு வேட்டு வச்சுட்டோம்"னு மெசேஜ் வேற. நான் அவன்கிட்ட கேட்டேன், தம்பி, அந்தப் படமே ஒருத்தன் வரைஞ்ச உப்ப வச்சுத்தானேடா மைக்ரேட் பண்ணியிருக்கு, உப்பு தப்பா இருந்தா படத்துலயே தப்பு இருக்கும், நீ அந்தத் தப்பையே வேகமா கண்டுபிடிப்பேன்னு. மவுஸ் பிடிக்கிற கைக்கு ஓய்வு குடுக்கலாம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சிக்கல் கோடு வரையிறதுல இருந்ததே இல்ல.

நம்ம ஊருக்கு இதுல பங்கு இல்லன்னு நினைக்காதீங்க. குஜராத்ல கட்ச், சௌராஷ்டிரா பக்கம் உப்புக்குப் பதிலா டெக்கான் பாசால்ட், சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைக் குழம்பு, அதுக்கு அடியில பழைய மீசோசோயிக், அதாவது டைனோசர் காலத்து, மண்ணு. அது வேற விதமான தொல்லை. உப்பு உள்ளுக்குள்ள ஓரளவு சுத்தமா ஒரே மாதிரி இருக்கும், பாசால்ட் ஒவ்வொரு குழம்பு ஓட்டமும் தனித்தனி அடுக்கு, மேல ஓட்டை ஓட்டையா, நடுவுல கெட்டியா, இடையில மண்ணு வேற, உள்ள போற சத்தத்த சிதறடிச்சு தின்னுடும். அங்கயும் வழி தாழ்ந்த ஃப்ரீக்வன்சியும் நீண்ட தூரமும்தான், ஆனா நிலத்துல, ஊரும் வயலும் ரோடும் இருக்குற இடத்துல அப்படி ஒரு சர்வே எடுக்கிறதுன்னா அது தனி ராமாயணம்.

இப்ப நாங்க எங்க நிக்கிறோம்னா, எஃப்டபிள்யூஐ வேக மாடல ஃப்ரீக்வன்சி ஏத்தி ஏத்தி ஓட்டினா அந்த மாடலையே படமா பயன்படுத்தலாம், தனியா மைக்ரேஷனே வேணாம்கிற அளவுக்கு வந்துருக்கு. பேஸ் சால்ட் சண்டை குறைஞ்சிருக்கு, ஓயல. உப்போட எல்லையச் சுத்தி மாடல்ல ஒரு மங்கலான வளையம் வரும், முன்னாடி அத யாரும் பெருசா எடுத்துக்கல. அதுக்குக் காரணம், கணக்கு சல்லிசா இருக்கணும்னு பூமிய ஒரு திரவம்னு வச்சுக்கிட்டோம், அழுத்த அலை மட்டும்தான் இருக்குன்னு. நிஜத்துல உப்பு எல்லையில கொஞ்சம் சக்தி குறுக்கலையா, பாறைய பக்கவாட்டுல ஆட்டுற அலையா, மாறி ஓடிடும், அத கணக்குல சேக்காததால அந்தப் பழி வேகத்து மேல விழுது. எலாஸ்டிக் எஃப்டபிள்யூஐன்னு குறுக்கலையையும் சேத்து ஓட்டினா வளையம் நல்லாவே சுருங்குது. ஆனா மண்ணுல குறுக்கலை ரொம்ப மெதுவா போகும், மெதுவா போனா அலைநீளம் குட்டி, கணக்குப் போடுற கட்டம் (கிரிட்) இன்னும் பொடிசா வேணும், செலவு பல மடங்கு. இதுல மட்டும் கம்ப்யூட்டர் கட்சிக்காரங்க ஜெயிச்சிட்டாங்கன்னு வச்சுக்கலாம். டேட்டா ஏற்கனவே கைல இருக்கு, ஓட்டத்தான் க்யூவுல நிக்கிறோம்.